ஒரு சிறு துளையின் வரலாறு: குறுவட்டும் ஹெட்போனும்



கடந்த பள்ளி விடுமுறைக்கு முந்தைய நாள் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் என்னைக் காண வந்திருந்தார். பிள்ளையின் தேர்ச்சியைப் பற்றிக் கேட்பார் என எண்ணினேன். அவர் கேட்டதோ வேறு.

“சார், வீட்டுல வெச்சுக் கேக்குற மாதிரி ஒரு சிடி பிளேயர் வாங்கணும். ஹெட்போன் போட்டுக் கேக்கணும். எரநூறு வெள்ளிக்குள்ள எதை வாங்கலாம்?”

கைப்பேசியிலேயே எல்லாப் பாடல்களும் கிடைக்கும் இக்காலத்தில் இப்படியும் ஒரு கேள்வியா என வியந்தேன். காரணத்தைக் கேட்டதும் வியப்பு மறைந்தது. அவருடைய தந்தையார் தம் ஊர்க் கோயிலில் பல்லாண்டுகள் தேவாரம் ஓதியவர். அவர் மறைவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு உறவினர் ஒருவர் அவருடைய குரலைப் பதிவு செய்து மூன்று குறுவட்டுகளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது வீட்டிலுள்ள மடிக்கணினியில் குறுவட்டைச் செருக இடமே இல்லை. கணவர் இரவு வேலைக்குச் சென்று பகலில் உறங்குபவர். அடுக்குமாடி வீட்டின் சுவர்களோ மெல்லியவை. ஆகவேதான் ஹெட்போன். “தாத்தா குரல் எப்படி இருக்கும்னு பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கா சார்” என்றார்.

ஏதேனும் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இப்பொருளில் நான் முன்பே ஒரு முறை சூடுபட்டவன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன். ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதை இக்கருவியின் வரலாறே சொல்லிவிடுகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. குறுவட்டுக்கு மூத்தது ஹெட்போன்

குறுவட்டை விட ஹெட்போன் மிக மூத்தது. அதைச் செருகும் துளை இன்னும் மூத்தது. வீட்டுக் கருவிகளின் முகப்பில் நாம் காணும் 6.35 மில்லிமீட்டர் துளை, 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொலைபேசி இணைப்பகங்களில் பிறந்தது. பேசுபவரையும் கேட்பவரையும் இணைக்க இயக்குநர்கள் கம்பியைக் கையால் எடுத்துச் செருகிய அதே வகைச் செருகிதான் அது.

1910 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனை அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். கம்பியில்லாத் தந்தியின் மெல்லிய ஒலியைக் கேட்க அது பயன்பட்டது. 1937 இல் பெர்லின் நகரில் ஓய்கன் பேயரின் நிறுவனம் டிடி 48 என்னும் ஹெட்போனை வெளியிட்டது. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு இயங்கும் இன்றைய ஹெட்போன் வகைக்கு அது முன்னோடி.

இவையெல்லாம் வேலைக்கான கருவிகள். இன்பத்திற்காகப் பாட்டுக் கேட்கும் ஹெட்போன் 1958 இல்தான் வந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ் என்பவர் இசைத்தட்டுக் கருவி ஒன்றை விற்க முனைந்தார். வீட்டில் மற்றவருக்குத் தொல்லையின்றித் தனியே கேட்கலாம் என்று காட்டுவதற்காக அதனுடன் எஸ்பி/3 என்னும் ஹெட்போனையும் வைத்தார். மக்கள் இசைத்தட்டுக் கருவியை விட்டுவிட்டு ஹெட்போனையே விரும்பினர். அன்று அவர் கண்ட தேவையும் அந்தத் தாயார் என்னிடம் கேட்டதும் ஒன்றுதான்: உறங்குபவரை எழுப்பாமல் கேட்க வேண்டும்.

1968 இல் செர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 ஐ வெளியிட்டது. மஞ்சள் நிறப் பஞ்சுறை போட்ட, காதை முழுவதும் மூடாத, எடை குறைந்த ஹெட்போன் அது. அதன் மின்தடை 2000 ஓம். இந்த எண்ணைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ஹெட்போன்கள் 16 முதல் 64 ஓம் வரைதான். இவ்வேறுபாடு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

1979 ஜூலை 1 ஆம் நாள் சோனி நிறுவனம் சப்பானில் வாக்மேனை விற்கத் தொடங்கியது. விலை 33,000 யென். முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்பதற்காக இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன என்பது சுவையான செய்தி. 3.5 மில்லிமீட்டர் சிறு துளை வீடுதோறும் பழகிப்போனதற்கு வாக்மேனே பெருங்காரணம்.

2. ஒளியால் படிக்கும் வட்டு

அதே 1979 ஆம் ஆண்டின் மார்ச் 8 ஆம் நாள் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் நிறுவனம் குறுவட்டின் முன்மாதிரியைச் செய்தியாளர்களுக்குக் காட்டியது. அவ்வாண்டே பிலிப்சும் சோனியும் கைகோத்தன. இரண்டின் பொறியாளர்களும் மாறி மாறிச் சந்தித்து, 1980 இல் ஒரே தரவரையறையை வகுத்தனர். அட்டையின் நிறத்தால் அது செந்நூல் எனப் பெயர் பெற்றது.

அவ்வரையறையின் முதன்மைக் கூறுகள் இவை. வட்டின் விட்டம் 12 சென்டிமீட்டர். ஒலி ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் கொண்ட எண்ணாக, அதாவது 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. வலம், இடம் என இரண்டு தடங்கள்.

44,100 என்ற விந்தையான எண் எங்கிருந்து வந்தது? அக்காலத்தில் எண்முறை ஒலியைச் சேமிக்கப் போதிய இடமுள்ள கருவியாக ஒளிப்பட நாடாப் பதிவியே இருந்தது. நொடிக்கு 60 புலங்கள், புலத்துக்கு 245 வரிகள், வரிக்கு 3 அளவுகள். பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதப் பாடத்தில் இதைக் கொடுக்கலாம்!

12 சென்டிமீட்டர் ஏன் என்பதற்குப் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி முழுவதும் ஒரே வட்டில் அடங்க வேண்டும் எனச் சோனி விரும்பியது என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அக்குழுவிலிருந்த பிலிப்ஸ் பொறியாளர் கீஸ் இம்மிங்க், வணிகப் போட்டியும் காரணம் என எழுதியுள்ளார். 11.5 சென்டிமீட்டர் வட்டு முடிவாகியிருந்தால் பிலிப்ஸ் பக்கத்தார் முந்திக்கொண்டிருப்பர் என்பதே அவர் விளக்கம்.

வட்டில் உள்ள தடம் ஒரே சுருள். பழைய இசைத்தட்டைப் போல் வெளியிலிருந்து உள்ளே செல்லாமல், உள்ளிருந்து வெளியே விரிகிறது. 74 நிமிட வட்டில் அதன் நீளம் 5 கிலோமீட்டருக்கும் மேல். அடுத்தடுத்த தடங்களுக்கிடையே 1.6 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி. 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளி, தொடாமலேயே அதைப் படிக்கிறது. உள்ளே படிக்கும்போது நிமிடத்துக்கு 500 சுற்று. வெளி விளிம்புக்கு வரும்போது 200 சுற்றாகக் குறைகிறது. உள்ளிருந்து வெளியே என்பதை மறவாதீர்கள். இக்கட்டுரையின் முடிவில் அது ஒரு துயரத்தோடு திரும்ப வரும்.

கீறல் விழுந்தாலும் பாட்டு நிற்காமல் ஓடுவதற்கு ஒரு கணக்கு காரணம். 1960 இல் இர்விங் ரீடு, குஸ்தாவ் சாலமன் என்னும் இரு கணித அறிஞர்கள் கண்ட பிழைதிருத்த முறை அது. எண்கள் கலைத்து எழுதப்படுவதால், ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளம் அழிந்துபோனாலும் இயக்கி அவற்றை முழுமையாக மீட்டுவிடும்.

3. விலை எப்படி இறங்கியது?

1982 அக்டோபர் 1 ஆம் நாள் சப்பானில் சோனியின் சிடிபி-101 விற்பனைக்கு வந்தது. விலை 168,000 யென், அதாவது முதல் வாக்மேனைப் போல் ஐந்து மடங்கு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1983 மார்ச்சில் குறுவட்டு அறிமுகமாயிற்று.

தொடக்கத்தில் அவ்வளவு விலை ஏன்? எண்ணை மீண்டும் ஒலியலையாக மாற்றும் சில்லே முதன்மைக் காரணம். 65,536 படிகளையும் பிசகாமல் உருவாக்க, அச்சில்லுக்குள் இருக்கும் மின்தடைகள் மிக நுட்பமாகப் பொருந்த வேண்டும். சோனி தன் முதல் இயக்கியில் செலவைக் குறைக்க, ஒரே மாற்றுச் சில்லை வலத்துக்கும் இடத்துக்கும் மாறி மாறிப் பயன்படுத்தியது. பிலிப்சோ 14 பிட் சில்லையே வைத்துக்கொண்டு, நான்கு மடங்கு வேகத்தில் இயக்கி 16 பிட்டுக்கு ஒப்பான தரத்தைப் பெற்றது. இரண்டுமே அறிவுக்கூர்மையான சிக்கனங்கள்.

1984 நவம்பரில் சோனி டி-50 என்னும் கையடக்க இயக்கியை 49,800 யென்னுக்கு விற்றது. அதற்குத் தலைமை வகித்த கோசோ ஓசோனே, நான்கு குறுவட்டுப் பெட்டிகளை அடுக்கிய பருமனுள்ள ஒரு மரக்கட்டையைத் தம் பொறியாளர்களிடம் கொடுத்து, “இதற்குள் அடங்க வேண்டும்” என்று சொன்னாராம். இரண்டே ஆண்டுகளில் விலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

1980களின் பிற்பாதியில் அடுத்த திருப்பம். பிலிப்சின் பிட்ஸ்ட்ரீம், மட்சுஷிட்டாவும் என்டிடியும் உருவாக்கிய மாஷ் ஆகிய ஒரு பிட் முறைகள் வந்தன. நுட்பமாகப் பொருந்திய பல மின்தடைகளுக்குப் பதிலாக, மிக விரைவான மின் துடிப்புகளால் ஒலியலையை உருவாக்கும் முறை இது. பொருந்தாத மின்தடை என்ற சிக்கலே இல்லாமற்போனதால் மலிவான இயக்கியும் சீரான ஒலியைத் தந்தது.

ஒலிநாடாக் காலத்தில் கூடுதல் பணம் கொடுத்தால் சீரான வேகம் கிடைத்தது. மலிவான கருவியில் நாடா இழுத்து இழுத்துப் பாடும். பாடகரின் சுருதியே மாறிப்போகும். குறுவட்டில் அந்த வேறுபாடு அறவே இல்லை. குவார்ட்சு படிகம் ஒன்று காலத்தை அளந்து கொடுப்பதால், நூறு வெள்ளி இயக்கியிலும் பத்தாயிரம் வெள்ளி இயக்கியிலும் பாட்டு ஒரே வேகத்தில்தான் ஓடும். ஆக, 1990களுக்குப் பிறகு வந்த ஒரு சாதாரண வீட்டு இயக்கி பழுதில்லாமல் இருந்தால், வட்டிலுள்ளதைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். முகப்பில் உள்ள பெயருக்காக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. இது வரலாறு தரும் முதற்பாடம்.

4. மறக்கப்பட்ட துளை

அப்படியானால் எந்த இயக்கியை வாங்கினாலும் ஒன்றா? ஒலிபெருக்கிப் பெட்டியில் கேட்பவருக்கு ஏறத்தாழ ஆம். ஹெட்போனில் கேட்பவருக்கு அப்படி இல்லை. இங்கேதான் அந்தச் சிறு துளையின் கதை தொடங்குகிறது.

வீட்டு இயக்கியின் பின்புறம் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துளைகள் இருக்கும். அவை ஆம்பிளிஃபையருக்குச் செல்பவை. நிறுவனங்களின் கவனமெல்லாம் அவற்றில்தான். முன்புறத்து ஹெட்போன் துளை பெரும்பாலும் உபரி வசதியாகவே சேர்க்கப்பட்டது. உள்ளே ஒரு மலிவான சிறு சில்லு, அதன் முன்னால் ஒரு மின்தடை, அவ்வளவுதான். எச்டி 414 போன்ற உயர்ந்த மின்தடை கொண்ட ஹெட்போன்கள் வழங்கிய காலத்தில் இது குறையாகத் தெரியவில்லை. 1996 இல் வெளிவந்த ஐஇசி 61938 என்னும் பன்னாட்டுத் தரம்கூட ஹெட்போன் துளையின் மின்தடை 120 ஓம் எனப் பரிந்துரைத்தது.

கணக்கைப் பாருங்கள். துளையின் மின்தடை 120 ஓம், ஹெட்போன் 300 ஓம் என்றால், மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 71 விழுக்காடு ஹெட்போனைச் சேரும். அதே துளையில் 32 ஓம் ஹெட்போனைச் செருகினால் 21 விழுக்காடுதான் சேரும். மீதி துளைக்குள்ளேயே வீணாகிறது. ஒலி குறைவது மட்டுமன்று. பல ஹெட்போன்களின் மின்தடை, ஒலியின் கீழ்ச்சுருதியில் கூடும், மேற்சுருதியில் மாறும். அதனால் தாழ்ந்த ஒலி பருத்தும் மற்றவை மங்கியும் கேட்கும். துளையின் மின்தடை ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது என்பது துறையினர் கூறும் பொதுவிதி. 32 ஓம் ஹெட்போனுக்கு அது 4 ஓம்.

கையடக்க இயக்கிகளில் இச்சிக்கல் குறைவு. அவை சிறிய மின்கலத்தால் 16, 32 ஓம் ஹெட்போன்களை இயக்குவதற்காகவே பிறந்தவை.

இன்னொரு குறையும் உண்டு. பழைய வீட்டு இயக்கிகள் சிலவற்றில் ஹெட்போன் துளை இருக்கும்; ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்காது. இயக்கி கொடுக்கும் அளவே காதில் விழும். பெரியவர்களுக்கு அது எரிச்சல். பிள்ளைகளுக்கு அது தீங்கு.

5. வீழ்ச்சியும் பழம்பொருள் கடையும்

1999 இல் நாப்ஸ்டர், 2001 இல் ஐபாடு. குறுவட்டின் பொற்காலம் முடிவுக்கு வந்தது. அமெரிக்காவில் குறுவட்டு விற்பனை 2000 ஆம் ஆண்டளவில் உச்சத்தைத் தொட்டு, பின் சரிந்தது. விலைப் போட்டியில் முதலில் வெட்டப்பட்டது எது? அந்த ஹெட்போன் துளைதான். புதிய மலிவு இயக்கிகள் பல அது இல்லாமலே வந்தன. 2016 இல் ஐபோன் 7 அத்துளையைக் கைவிட்டபோது உலகமே பேசியது. வீட்டு இயக்கிகள் அதற்கு முன்பே சந்தடியின்றி அதைக் கைவிடத் தொடங்கியிருந்தன.

ஆனால் இச்சரிவால் ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு நன்மையும் விளைந்தது. 1990களில் நல்ல விலைக்கு விற்ற வீட்டு இயக்கிகள் பழம்பொருள் கடைகளிலும் இணையச் சந்தையிலும் குறைந்த விலைக்கு வந்து சேர்ந்தன. துளையும் திருகும் கொண்டவை அவற்றுள் நிறையவே உண்டு.

இங்கே என் சொந்தப் பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சப்பானிலிருந்து வந்த பழைய பொருள்களை விற்கும் ஒரு கடையில் அழகான இயக்கி ஒன்றைக் கண்டேன். விலையும் குறைவு. வீட்டுக்கு வந்ததும் மின்செருகியில் மாட்டினேன். ஒரு சிறு ஒலி, கொஞ்சம் புகை, கருகிய வாடை. அவ்வளவுதான்! சப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 230 வோல்ட். பின்புறத்தில் ‘100 வோல்ட்’ என்று எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. மாணவர்களிடம் நாள்தோறும் “கேள்வியை முழுமையாகப் படி” என்று சொல்பவன் நான்.

6. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து திரட்டிய முறை இது. இந்த வரிசையிலேயே பார்ப்பது நல்லது.

முதலாவது, பின்புறம். 220, 230 அல்லது 240 வோல்ட் என எழுதியிருக்க வேண்டும். 100 அல்லது 120 மட்டுமே என்றால், மின்மாற்றிப் பெட்டி தனியே வாங்க வேண்டிவரும். விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, முன்புறத் துளையும் அதன் அருகே திருகும். இரண்டும் வேண்டும். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு திருகை மெதுவாகத் திருப்புங்கள். கரகரவென்றால் உள்ளே தூசு. சில முறை திருப்பினால் சரியாகிவிடக்கூடும். ஒரு காதில் மட்டும் ஒலி வந்தால் துளையின் பற்றவைப்பு விட்டிருக்கலாம், வேண்டாம்.

மூன்றாவது, லேசர். இயக்கியின் உயிர் அதுதான். தேய்ந்துவிட்டால் மாற்றும் செலவு வாங்கிய விலையை விஞ்சும். நீண்ட வட்டு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முதற்பாடலை மட்டும் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். கடைசிப் பாடலுக்குத் தாவச் சொல்லுங்கள். வெளி விளிம்பு வரை தடுமாறாமல் படிக்கிறதா எனப் பாருங்கள்.

நான்காவது, வீட்டில் எழுதிய வட்டு. ஒரு முறை மட்டும் எழுதும் வகையைப் பெரும்பாலான இயக்கிகள் படிக்கும். அழித்து அழித்து எழுதும் வகை 1997 இல் வந்தது. அது ஒளியை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்புவதால் அதற்கு முந்தைய இயக்கிகள் பல அதைப் படிக்கமாட்டா. எம்பி3 கோப்புகளாக எழுதிய வட்டைப் பழைய இயக்கிகள் அறவே அறியா. நீங்கள் கேட்க விரும்பும் அதே வட்டைக் கொண்டுபோய்ச் சோதிப்பதே சிறந்தது. அது வேறு படியில்லாத வட்டாக இருந்தால் மட்டும் கொண்டுபோகாதீர்கள். அதைப் போன்ற மற்றொன்றைக் கொண்டுபோங்கள்.

ஐந்தாவது, தட்டு. திறக்க மறுத்தால் உள்ளேயுள்ள இரப்பர் வளையம் தளர்ந்திருப்பது வழக்கமான காரணம். அது எளிதில் மாற்றக்கூடிய, மலிவான பொருள். பேரம் பேசுவதற்கு அது உதவும்!

துளையுள்ள வீட்டு இயக்கி கிடைக்கவில்லையென்றால் இரண்டு மாற்று வழிகள் உண்டு. ஒன்று, கையடக்க இயக்கி. மேசைமேல் வைத்து மின்னிணைப்பில் கேட்கலாம். அதிர்வு காப்பு என்னும் வசதி சிலவற்றில் ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும். வீட்டில் அதை அணைத்து வைக்கலாம். மற்றொன்று, பரணில் கிடக்கும் பழைய டிவிடி இயக்கி. அது குறுவட்டையும் படிக்கும். ஹெட்போன் துளை பெரும்பாலும் இருக்காது என்பதால், சிறிய ஹெட்போன் ஆம்பிளிஃபையர் ஒன்றைப் பின்புறத் துளைகளில் இணைக்க வேண்டும்.

இயக்கிக்கும் ஹெட்போனுக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது? பழுதில்லாத இயக்கிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கொடுங்கள். மிஞ்சுவதை ஹெட்போனுக்கு வையுங்கள். காதில் விழும் வேறுபாட்டில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. வீட்டு இயக்கியின் பெரிய துளைக்குப் பொருந்தும் மாற்றுச்செருகி ஒன்றையும் மறவாதீர்கள், சில வெள்ளிதான்.

7. பிள்ளையின் செவி

ஆசிரியன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் முடிக்க இயலாது. 1996 இல் பிரான்சு நாடு, கையடக்க இயக்கிகளின் ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது எனச் சட்டம் இயற்றியது. 2019 இல் உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து வெளியிட்ட தரம் இன்னும் நுட்பமானது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம். பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். ஒலி 3 டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பிள்ளைக்கு 78 டெசிபல் என்றால் 20 மணி, 81 என்றால் 10 மணி.

வீட்டில் டெசிபலை அளக்க முடியாதே என்பீர்கள். ஓர் எளிய வழி உண்டு. அமைதியான அறையில் நீங்கள் ஹெட்போனைப் போட்டுத் திருகை வசதியான அளவில் வைத்து, அவ்விடத்தில் பசைத்தாளால் ஒரு குறி இடுங்கள். குறியைத் தாண்டக்கூடாது என்பது வீட்டு விதி. கைப்பேசியின் பொத்தானில் இப்படிக் குறி போட முடியாது. பழைய திருகின் நன்மை இதுதான்.

8. மூன்று வட்டுகள்

அத்தாயார் இறுதியில் 130 வெள்ளிக்கு 1990களின் வீட்டு இயக்கி ஒன்றை வாங்கினார். துளையும் உண்டு, திருகும் உண்டு, பின்புறத்தில் 240 வோல்ட் என்றும் எழுதியிருந்தது. ஹெட்போனுக்கு 55 வெள்ளி, மாற்றுச்செருகிக்கு 5 வெள்ளி. இருநூறில் பத்து வெள்ளி மீதம்.

முதல் இரண்டு வட்டுகளும் நன்றாக ஓடின. மூன்றாவது வட்டு பாதி வரை ஓடியது. கடைசி இரண்டு பதிகங்களில் குரல் அறுந்து அறுந்து நின்றுபோயிற்று. வட்டைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். விளக்கின் முன் பிடித்துப் பார்த்தேன். கீறல் அதிகம் இல்லை. வெளி விளிம்பில் நிறம் மங்கியிருந்தது. கடையில் வாங்கும் குறுவட்டு அச்சில் அழுத்திச் செய்யப்படுவது. வீட்டில் எழுதும் வட்டிலோ ஒரு சாயப்படலத்தில்தான் எழுத்து இருக்கிறது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அச்சாயத்தைக் கெடுக்கும். நம் நாட்டில் இம்மூன்றுக்கும் பஞ்சமில்லை. தடம் உள்ளிருந்து வெளியே செல்வதால், கடைசிப் பாடல்கள் கை படும் விளிம்பிலேயே அமைந்துவிடுகின்றன.

என்னிடமிருந்த வெளி இணைப்புக் கருவியால் மூன்று வட்டுகளையும் கணினியில் படியெடுத்தோம். பலமுறை முயன்றதில் இறுதிக்கு முந்தைய பதிகம் மீண்டது. கடைசிப் பதிகம் மீளவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு முயன்றிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும்.

ஆகவே, பெற்றோர்களே, இயக்கி வாங்குவதை அடுத்த மாதத்துக்குக்கூட ஒத்திவைக்கலாம். படியெடுப்பதை ஒத்திவைக்காதீர்கள். உங்கள் பேழையில் திருமணம், காதணி விழா, தாத்தா பாட்டியின் குரல் என்று வீட்டில் எழுதிய வட்டு ஏதேனும் இருந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். இரண்டு இடங்களில் படி வையுங்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள் அம்மாணவி என் மேசைக்கு வந்தாள். “சார், தாத்தா பாடறதுக்கு முன்னாடி ஒரு தடவ இருமுறாரு. அது கூட கேக்குது” என்றாள். ஹெட்போனில் கேட்டால்தான் அது கேட்கும்.